வெளிநாட்டு மருந்தா, கோவை ஸ்டாக்கா? மலையில் இருப்பவர்கள் மருந்துச்சீட்டு மருந்தை எந்த வழியில் வாங்குவது

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுக்காகக் கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ குடியேறியவர்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பெற்றோர் இன்னொரு பக்கம். வேலூரிலோ கோவையிலோ பெரிய மருத்துவர் எழுதிக் கொடுத்த புது மருந்துக்காக ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குபவர்களும் உண்டு. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இங்கே கிடைக்கவில்லை, வெளிநாட்டு மருந்தகத்தில் ஆர்டர் போட்டுத் தபாலில் வரவழைக்கலாமா?"

வரவழைக்கலாம், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு அது தேவையே இல்லை. தேவைப்படும் சிலரோ சரியான வழியை விட்டுவிட்டு, கண்ணில் பட்ட இணையதளத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, பார்சல் சுங்கத்தில் மாட்டிய பிறகுதான் விசாரிக்கிறார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், அது அதே மருந்துதானா என்பது. கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு மருந்தின் ஜெனரிக் பெயர் (உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப்பெயர்), அளவு, வடிவம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 'டைலனால்' என்று வாங்கியது இங்கே பாராசிட்டமால். அங்கே 'அல்புட்டரால்' என்பது இங்கே சால்புட்டமால். 'எபிநெஃப்ரின்' இங்கே அட்ரினலின். 'சின்த்ராய்டு' என்பது லெவோதைராக்சின். எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று ஊர்க்கடையில் இருப்பதும் அதுவே. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: 'ஃபிளோமேக்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பது புரோஸ்டேட் தொந்தரவுக்கான டாம்சுலோசின், இத்தாலியில் அதே பெயரில் விற்றது வீக்கத்துக்கான வேறு மருந்து. கம்பெனி பெயரை மட்டும் நம்பி வெளிநாட்டில் ஆர்டர் போடக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

மாத்திரையின் வடிவத்தையும் விடாதீர்கள். சாதாரண மாத்திரையும், மெதுவாகக் கரையும் 'எஸ்ஆர்', 'எக்ஸ்ஆர்' வகைகளும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது.

மற்ற அளவுகோல்கள்: சட்டப்படி வருமா; எல்லாம் சேர்த்து என்ன செலவு; மலைப்பாதை அடைத்தால் என்ன ஆகும்; குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்தா; தவறு நடந்தால் யாரைக் கேட்பது. விலையை மட்டும் பார்ப்பவர்கள் கடைசியாகச் சொன்னதை மறந்துவிடுகிறார்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் அதற்குத்தான் அதிக எடை கொடுக்க வேண்டும்.

| வழி | யாருக்குப் பொருந்தும் | ஆகும் காலம் | மறைந்திருக்கும் செலவு | தவறினால் கேட்க ஆள் |
|---|---|---|---|---|
| ஊர் மருந்துக்கடை, கோவை ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விற்பனையாளர்) வழியாக | இந்தியாவில் விற்கும் எந்த மருந்துக்கும் | பெரும்பாலும் ஓரிரு நாள் | ஏறக்குறைய இல்லை | கடைக்காரர், நேரில் |
| அரசு மருத்துவமனை, முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் | சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு போன்ற நீண்டகால நோய்கள் | உடனே | போய்வரும் நேரம் | மருந்தாளுநர், மருத்துவர் |
| இந்திய ஆன்லைன் மருந்தகம் | மாதாமாதம் மாறாமல் வாங்கும் மாத்திரை | சில நாள், மழையில் கூடும் | டவுனுக்கு இறங்கி வாங்கும் செலவு | வாடிக்கையாளர் சேவை எண் |
| வெளிநாட்டிலிருந்து அனுமதியுடன் | இந்தியாவில் விற்காத மருந்து | வாரக்கணக்கில் | சுங்கம், ஜிஎஸ்டி, கூரியர், தாமதக் கட்டணம் | அநேகமாக யாரும் இல்லை |
| பயணி கையில் கொண்டுவருவது | தன் மருந்தோடு ஊர் திரும்புபவர் | பயணத் தேதியைப் பொறுத்து | குறைவு | யாரும் இல்லை |

## ஊர் மருந்துக்கடை

"இல்லை" என்று கடைக்காரர் சொன்னால், அந்த நிமிடத்தில் அலமாரியில் இல்லை என்றுதான் பொருள். குன்னூர், ஊட்டி கடைகளுக்குச் சரக்கு பெரும்பாலும் கோவை ஸ்டாக்கிஸ்ட்களிடமிருந்து மேலே ஏறுகிறது. கொடைக்கானலுக்குத் திண்டுக்கல், மதுரைப் பக்கத்திலிருந்து. அதனால் "இந்த மாத்திரை இருக்கா" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். ஜெனரிக் பெயர், அளவு, வடிவம் எழுதிய துண்டைக் கொடுத்து, "ஸ்டாக்கிஸ்ட்டிடம் கேட்டுச் சொல்லுங்கள், முழு அட்டையாகவே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அதிகம் ஓடாத மருந்தைக் கடைக்காரர் தருவிக்கத் தயங்குவதற்குக் காரணம், நாலு மாத்திரை விற்று மிச்சம் காலாவதியாகிவிடும் என்ற பயம்தான். முழு அட்டை எடுக்கிறோம் என்றதும் அந்தத் தயக்கம் போய்விடும். லெவோதைராக்சினில் 88, 112, 137 மைக்ரோகிராம் என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கேட்கும் அளவுகள் கூட இந்தியாவில் கிடைக்கின்றன. ஊர்க்கடையில் வழக்கமாக 25, 50, 100 தான் நிற்கும்.

இந்தியக் கம்பெனிக்கு மாறும்போது ஒரு எச்சரிக்கை. லெவோதைராக்சின், வார்ஃபரின், ஃபெனிட்டாயின், லித்தியம், டாக்ரோலிமஸ் போன்றவற்றில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு காட்டிக்கொடுக்கும். இவற்றில் கம்பெனியை மாற்றினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். தைராய்டு மாத்திரை என்றால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை. மாறிய பிறகு ஒரே கம்பெனியில் நில்லுங்கள். மாதம் ஒரு கம்பெனி என்று மாறுவதுதான் தொந்தரவு. இந்தியக் கம்பெனி என்பது தொந்தரவு அல்ல. அமெரிக்காவில் விற்கும் ஜெனரிக் மாத்திரைகளில் கணிசமான பங்கு இந்தியத் தொழிற்சாலைகளிலிருந்து போவதுதான்.

## அரசு வழி

2025 பிப்ரவரியில் தமிழகம் முழுக்க 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகமும் ஜெனரிக் மருந்துகளையே குறைந்த விலைக்கு விற்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும். ஹட்டி எனப்படும் மலை ஊர்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் இருக்கும் முதியவர்களுக்கு மற்ற எதையும்விட இது மேல்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகைக்குத் தரும் ஹைட்ராக்சியூரியா இந்தியாவிலேயே தயாராகிறது. அதற்காக யாரும் வெளிநாட்டு விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி.

## இந்திய ஆன்லைன் மருந்தகம்

மாறாத மாத்திரை, நிலையான அளவு, தள்ளுபடி விலை என்றால் இது நல்ல வழி. மலையில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, டவுன் பின்கோடைத் தாண்டினால் கூரியர்காரர் போன் செய்து "டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். மஞ்சூரிலிருந்தோ மன்னவனூரிலிருந்தோ வந்துபோகும் பஸ் செலவில் தள்ளுபடி கரைந்துவிடும். இரண்டு, குளிர்பதன மருந்துகளை எல்லாப் பின்கோடுக்கும் அவர்கள் அனுப்புவதில்லை. கடும் கட்டுப்பாட்டில் உள்ள அட்டவணை எக்ஸ் மருந்துகளையும் மனமயக்க மருந்துகளையும் இந்த வழியில் எதிர்பார்க்காதீர்கள். ஆன்லைன் விற்பனைக்கான தனி விதிகள் 2018-இல் வரைவாக வெளியானதோடு நிற்கின்றன. எனவே பில்லில் உரிம எண்ணோடு ஒரு கடையின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. மருந்துச்சீட்டே கேட்காமல் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை அனுப்பும் தளத்தை விட்டு விலகுங்கள்.

## வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பது

இந்தியாவில் விற்பனைக்கே வராத மருந்து, அதற்கு மாற்று இல்லை என்று மருத்துவரே எழுதித் தருகிறார் என்ற நிலையில்தான் இந்த வழியைத் தொட வேண்டும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 36-ஆவது விதி சொந்தப் பயன்பாட்டுக்கான இறக்குமதியைப் பற்றியது. தபாலிலோ கூரியரிலோ வரும் மருந்துக்குப் படிவம் 12ஏ-இல் விண்ணப்பித்து, 12பி என்ற அனுமதியைக் கையில் வாங்க வேண்டும். விண்ணப்பம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு, 'சுகம்' என்ற அதன் இணையவாசல் வழியாகப் போகும். கேட்கும் அளவு மருந்துச்சீட்டில் இருக்க வேண்டும்; அது நியாயமான அளவுதானா என்று அனுமதி தருபவர் பார்ப்பார்.

வரிசை இப்படி இருக்கட்டும்:

1. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு. அதில் நோயாளியின் முழுப்பெயர், மருந்தின் ஜெனரிக் பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை, எத்தனை நாளுக்கு, மருத்துவரின் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். "தொடரவும்" என்று மட்டும் எழுதிய சீட்டு உதவாது.
2. இந்திய மாற்று ஏன் ஒத்துவராது என்று மருத்துவர் தரும் ஒரு பக்கக் கடிதம்.
3. ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல்.
4. 12ஏ விண்ணப்பம். 12பி கைக்கு வந்த பிறகுதான் பணம் கட்டுவது.
5. 12பி, மருந்துச்சீட்டு, பில் மூன்றின் நகலும் பார்சலின் வெளிப்பக்க உறையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் போட்டு ஒட்டிவிட்டால் சுங்க அதிகாரி கண்ணில் படாது, பார்சல் தனியே ஒதுக்கப்படும்.

நம் ஊரில் அதிகம் இடறுவது பெயர்தான். சீட்டில் 'ஆர். லட்சுமி', ஆதாரில் 'லட்சுமி ராமசாமி', கூரியர் முகவரியில் 'ராமசாமி லட்சுமி' என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று சென்னையில் இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? ஆதாரில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எல்லாவற்றிலும் எழுதச் சொல்லுங்கள். வீட்டு எண் இல்லாத ஹட்டி என்றால் தபால் நிலையப் பெயர், பின்கோடு, கைப்பேசி எண் மூன்றும் கட்டாயம்.

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு சுவர் நிற்கிறது. அமெரிக்க மருந்தகம் அந்நாட்டு உரிமம் பெற்ற மருத்துவர் எழுதிய சீட்டுக்குத்தான் மருந்து தரும். பிரிட்டனிலும் இந்திய மருத்துவரின் சீட்டு செல்லாது. எனவே முதலில் மருந்து தயாரிக்கும் நிறுவனத்தின் இந்தியக் கிளையைக் கேளுங்கள். இங்கே விற்காத மருந்தைக் குறிப்பிட்ட நோயாளியின் பெயரில் தருவிக்கும் ஏற்பாடு சில நிறுவனங்களிடம் இருக்கும், விலைச் சலுகைத் திட்டமும் இருக்கலாம். அடுத்தது, சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனையின் மருந்துப் பிரிவு. அவர்கள் ஏற்கனவே தருவித்துப் பழகியிருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

"மகள் அங்கேதானே இருக்கிறாள், வாங்கித் தபாலில் போடட்டும்" என்பதும் எளிதல்ல. அமெரிக்கத் தபாலில் மருந்துச்சீட்டு மருந்தைத் தனிநபர் அனுப்ப இடமில்லை. 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பும் பழைய பழக்கத்துக்கு 2019 டிசம்பரில் இந்திய அரசு தடை போட்டுவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கு 12பி-க்கு மாற்று ஆகாது.

செலவுக்கு வருவோம். மருந்துகளுக்குப் பொதுவாக 10 சதவீத அடிப்படைச் சுங்கவரி. சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு 5 சதவீதம் அல்லது பூஜ்யம். அதற்கு மேல் ஜிஎஸ்டி. வரி போடுவது மருந்து விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்புக்கு. குளிர்பெட்டியில் வரும் மருந்தில் அந்தக் கூலியே மருந்து விலையைத் தொடும். கார்டில் வெளிநாட்டுப் பணமாகக் கட்டினால் வங்கிக் கட்டணம் தனி. காகிதம் குறைந்து பார்சல் கிடங்கில் கிடந்தால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். திருப்பி அனுப்பினாலும் பெரும்பாலான மருந்தகங்கள் பணத்தைத் தராது.

அரிய நோய் உள்ளவர்களின் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் பட்டியலிட்ட நோய்களுக்காகச் சொந்தப் பயன்பாட்டுக்குத் தருவிக்கும் மருந்துக்கும் சிறப்பு உணவுக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்கவரி முழுவதும் விலக்கு. மாவட்ட மருத்துவ அலுவலர் நிலையில் உள்ளவரின் சான்றிதழ் போதும், டெல்லிக்கு அலைய வேண்டாம். பார்சல் வந்து இறங்குவதற்கு முன்பே அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

எதை இந்த வழியில் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது? தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்து, கவனக்குறைவுக் கோளாறுக்கு (ஏடிஹெச்டி) அமெரிக்காவில் தரும் ஆம்ஃபெட்டமின் வகை. இவை 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. அங்கே எழுதிய சீட்டு கையில் இருந்தாலும் தபாலில் வருவது குற்ற வழக்காகலாம். வெளிநாட்டிலிருந்து திரும்பும் குடும்பங்கள் கிளம்புவதற்கு முன்பே இங்குள்ள மனநல மருத்துவரோடு பேசி, இந்தியாவில் கிடைக்கும் மாற்றுக்கு மாறிக்கொள்வது நல்லது.

## ஊருக்கு வருபவர் பையில்

தன் மருந்தைத் தானே கொண்டுவரும் பயணிக்கு 12பி தேவையில்லை. ஒரு மருந்துக்கு 100 சராசரி வேளை (ஒரு முறை எடுக்கும் அளவு ஒரு வேளை) வரை, அசல் பெட்டியோடும் சீட்டோடும் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். தினம் ஒரு மாத்திரை என்றால் மூன்று மாதத்துக்கு மேல் வரும். அதற்குள் இங்கே மாற்று ஏற்பாடு செய்துகொள்ள நிறைய நேரம் இருக்கிறது.

இந்தச் சலுகை பயணியின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். அப்பாவின் மருந்தை மகன் கொண்டுவருவது இதில் அடங்காது. அப்பா பெயரில் 12பி வாங்கி மகனிடம் நகல் கொடுத்துவிடுங்கள். கூரியர் செலவு மிச்சமாவதோடு குளிர்ச்சியையும் அவரே பார்த்துக்கொள்வார். அனுமதியும் ஆளும் இரண்டும் கிடைக்கும் குடும்பத்துக்கு வெளிநாட்டு மருந்தில் இதுவே சிறந்த வழி. மலைத்தேனீ கொட்டி ஒருமுறை மூச்சு முட்டிப்போனவர்கள் தேடும், ஒவ்வாமைக்கு அவசரத்தில் தானே போட்டுக்கொள்ளும் ஊசியான அட்ரினலின் பேனா இதற்கு நல்ல உதாரணம். ஊர் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் கிடைக்காத பொருள், பெரியவர்களுக்கு 0.3 மில்லிகிராம், குழந்தைகளுக்கு 0.15. ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஆயுள் குறைவு என்பதால், வாங்கும்போதே காலாவதிக்கு ஓராண்டாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

## சீட்டு கேட்காத வெளிநாட்டுத் தளங்கள்

இதை ஒரு வழியாகவே எண்ண வேண்டாம். முகவரி இல்லை, மருந்தாளுநர் பெயர் இல்லை, "கனடா" என்ற பெயரும் கொடியும் மட்டும் இருக்கும். உண்மையான மருந்தகம் என்றால் அந்நாட்டுப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பிரிட்டன் என்றால் பொது மருந்தியல் கவுன்சிலின் பதிவேடு. ஐரோப்பிய ஒன்றியம் என்றால் தளத்தில் உள்ள பொதுச் சின்னத்தைத் தொட்டதும் அரசுப் பட்டியலுக்குப் போக வேண்டும். வெறும் படமாக நின்றால் மூடிவிடுங்கள்.

## வெளிநாட்டு இன்சுலின்: உயிர் விஷயம்

நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அமெரிக்காவிலிருந்து வரும் குப்பி ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. வெளிநாட்டுக் குப்பியிலிருந்து வீட்டில் கிடக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். அதில் இருப்பது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி ஆள் நினைவிழக்க அது போதும். 100 யூனிட் குப்பி வந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் கூடவே வர வேண்டும், பழைய சிரிஞ்சுகள் அன்றே வீட்டை விட்டுப் போக வேண்டும்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் கரைந்த பிறகும் பயன்படாது. மேலே குளிர்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். பார்சல் வெயிலில் கிடப்பது மேட்டுப்பாளையம் கூரியர் கிடங்கில், வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில். ஐஸ் கட்டி உருகித் தண்ணீராகி, பெட்டி வெதுவெதுப்பாக வந்தால் அந்த மருந்தை நம்ப வேண்டாம்.

## பார்சல் கைக்கு வந்ததும்

பெட்டியில் ஜெனரிக் பெயரும் அளவும் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று மருந்துக்கடைக்காரரிடமே காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கப் பெட்டியில் 03/07/2027 என்றால் மார்ச் 7, ஜூலை 3 அல்ல. அங்கே மாத்திரையை டப்பாவில் கொட்டித் தருவார்கள். நம்மைப் போல் அட்டையில் அடைப்பது குறைவு. தேவாலா, கூடலூர் பக்கம் ஆடி மழையில் அந்த டப்பாவைத் தினமும் திறந்தால் ஈரம் ஏறிவிடும். சோடியம் வால்ப்ரோயேட் போன்ற மாத்திரை ஈரத்தில் பிசுபிசுத்து உடையும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுத்து எறியாதீர்கள். ஒரு வாரத்துக்கானதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு பெரியதை இறுக மூடி வையுங்கள். சமையலறை வேண்டாம், அங்கேதான் ஆவி அதிகம்.

## இருப்பு எவ்வளவு வேண்டும்

எந்த வழியில் வாங்கினாலும் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மண் சரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கம். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டுப் பாதை அடைத்தால் பழனிப் பாதை, அதுவும் சுற்று. ஊர்க்கடை மருந்து என்றால் 20 நாள் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததைச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு மருந்து என்றால் இரண்டு மாதம் மிச்சம் இருக்கும்போது 12ஏ விண்ணப்பம் போயிருக்க வேண்டும். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை போன்றவை திடீரென்று நின்றால் ஆபத்து. அப்படிப்பட்ட மருந்துக்கு, பார்சல் வராவிட்டால் இடைக்காலத்தில் எந்த இந்திய மருந்தை எந்த அளவில் எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, அந்தச் சீட்டையும் உங்கள் மருந்துக்கடையில் காட்டி வையுங்கள்.